என் பேர்ல போன உத்தரவு

தொடாதீங்க தம்பி. அந்த லிங்க்கைத் தொடாதீங்க.

தப்பா நினைக்காதீங்க. அடுத்தவங்க போனை எட்டிப் பாக்குத பழக்கம் எனக்குக் கிடையாது. பஸ்ஸு வளைவுல சாஞ்சுது, நானும் சாஞ்சேன், கண்ணு தானாப் போயிட்டு. பரிசு விழுந்திருக்குன்னு வந்திருக்கா? அழிச்சிருங்க. ஆளுக்குத் தக்க அனுப்புதான் பாருங்க. பரிசுன்னா நீங்க தொடுவீங்க. எனக்கெல்லாம் பரிசுன்னு அனுப்பினா தொடவே மாட்டேன். எனக்கு வேற அனுப்பினான். நான் எதைத் தொடுவேன்னு அவனுக்கு எப்படித்தான் தெரிஞ்சுதோ.

சொல்லுதேன். திருநெல்வேலி வர்றதுக்கு இன்னும் நேரம் கெடக்குல்லா.

நமக்குத் தென்காசி. பேரு சண்முகையா. பெரியாஸ்பத்திரிக்கு எதுத்தாப்ல பிளக்ஸ் கடை வச்சிருக்கேன். கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் நம்மகிட்டதான். ஊர்ல பாதி மூஞ்சி என் மிஷின்ல இருந்து வந்ததுதான் பாத்துக்கிடுங்க.

ஆஸ்பத்திரி வாசல்ல கடை வச்சிருக்கவனுக்கு ஒண்ணு நல்லாத் தெரியும். ரத்தம் கேட்டு அலையுதவன் முகம். கையில ஒரு சீட்டு இருக்கும், யாரைக் கேக்கன்னு தெரியாது, டீக்கடைல நிப்பான், ஆட்டோ ஸ்டாண்டுல நிப்பான். எனக்கு ஓ நெகட்டிவ். லேசுல கிடைக்காத குரூப்பு. கல்யாணத்துக்கு முந்தியே குடுக்க ஆரம்பிச்சேன், இன்னைக்கு வரைக்கும் நிறுத்தல. சும்மா சொல்லல, கையைப் பாருங்க, இங்கன. ஊசி குத்திக் குத்தித் தழும்பே விழுந்திட்டு.

அப்புறம் பெங்களூர்ல இருக்க என் மருமகன், தங்கச்சி மகன், ஒரு வெப்சைட் செஞ்சு தந்தான். 'சண்முகையா குருதிச் சேவை'. பேரு நான் வைக்கல, அவன்தான் வச்சான். நான் வேண்டாம்னு சொல்லல, அவ்வளவுதான். அதுல ரத்தம் குடுக்கவங்க பேரு, குரூப்பு, ஊரு எல்லாம் இருக்கும். நம்பர் மட்டும் என் நம்பர். பொம்பளப் புள்ளைக நம்பரையெல்லாம் வெளியில போட முடியாதுல்லா. வேணும்கிறவங்க என்னைக் கூப்பிடணும், நான் ஆளை அனுப்புவேன். தென்காசி, செங்கோட்டை, சுரண்டை, கடையநல்லூர், எங்க ரத்தம்னாலும் "சண்முகையா அண்ணாச்சியக் கேளு"ன்னுதான் சொல்லுவாங்க. அப்படி இருந்தேன் தம்பி. அப்படி இருந்தேன்.

அப்பத்தான் அவ வந்தா.

பேரு உலகேஸ்வரி. எங்க ஊரு அம்மனே உலகம்மன், அதனால தெருவுக்கு நாலு உலகேஸ்வரி உண்டு. இவ கம்ப்யூட்டர் சென்டர்ல பாடம் நடத்துத புள்ள. வயசு இருபத்தஞ்சு, இருபத்தாறு இருக்கும். ஆளு எப்படி இருப்பாங்கிறீங்க? இந்த ஜன்னல் கம்பி இருக்குல்லா, அதுக்குச் சுடிதார் போட்ட மாதிரி. அவளும் ஒரு சைட்டு ஆரம்பிச்சா. 'நம்ம ரத்தம்'னு பேரு. படிக்கிற பயலுக எல்லாம் அவ பின்னால. கேட்ட உடனே ஆள் வந்து நிக்கும். பேப்பர்ல போட்டான். ஆண்டு விழாவுல சால்வை போட்டான். அவளுக்கு வந்த சால்வையை வச்சு ஒரு ஜவுளிக்கடையே போடலாம்.

இதுல ஒரு விஷயம் கேளுங்க. அவ இதுவரைக்கும் ஒரு சொட்டு ரத்தம் குடுத்ததில்ல. ஒரு சொட்டு! எடை காணாதுன்னு எடுக்க மாட்டாங்களாம். நாப்பத்தஞ்சு கிலோ வேணும், அவ அதுக்கும் கீழ. ரத்தம் குடுத்துக் குடுத்துக் கை புண்ணானவன் இங்கன இருக்கேன். சால்வை அங்கன போகுது. இது எந்த ஊரு நியாயம்?

எனக்குப் பொறாமை எல்லாம் கிடையாது தம்பி. நியாயத்தைச் சொல்லுதேன். எங்க வீட்டுக்காரி செல்லத்தாய்தான் சொல்லுவா, "அந்தப் புள்ள பேரைச் சொன்னாலே உங்களுக்கு ஒரு பக்கம் மூக்கு விடைக்கி"ன்னு. அவளுக்கு என்ன தெரியும்? எனக்குப் பிறவியிலேயே மூக்கு அப்படித்தான்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவளுக்கு ஆட்சியர் கையால விருது. பிளக்ஸ் அடிக்கணும்னு சென்டர்காரங்க எங்க வந்தாங்கங்கிறீங்க? எங்கிட்டயே. நானும் அடிச்சுக் குடுத்தேன். தொழில்னு வந்துட்டா தொழில். முகம் மட்டும் கொஞ்சம் மங்கலா வந்துட்டு. மிஷின் கோளாறு. அன்னைக்கே அடிச்ச கண்ணீர் அஞ்சலி பளிச்சுன்னு வந்துது, அது வேற விஷயம்.

சரி, கதைக்கு வாரேன். போன வருஷம் ஆடி மாசம். சாரல் நல்லா அடிச்சுக்கிட்டிருக்கு. ஸ்கூட்டியைக் கடை வாசல்ல நிறுத்திட்டு இவ உள்ள வந்தா. தலையெல்லாம் ஈரம்.

"அண்ணாச்சி, ஒரு விஷயம் சொல்லணும். உங்க சைட்ல டோனர் லிஸ்டுக்கு ஒரு பிளகின் போட்டிருக்கீங்கள்லா?"

பிளகின்னா தெரியுமா தம்பி? வெப்சைட்டுல மாட்டிக்கிடுத சின்ன புரோகிராம். மிக்சிக்கு ஜார் மாதிரி. சட்னிக்கு ஒண்ணு, மாவுக்கு ஒண்ணு. எவனோ செஞ்சு வச்சிருப்பான், நாம மாட்டிக்கிட வேண்டியதுதான். என் சைட்ல ரத்தம் குடுக்கவங்க பட்டியலைக் காட்டுததுக்கு ஒண்ணு மாட்டியிருந்துது. மருமகன் மாட்டினது.

"நானும் அதையேதான் போட்டிருந்தேன் அண்ணாச்சி. அதுல ஒரு ஓட்டை இருக்காம். நான் எடுத்துட்டேன். புது வெர்ஷன் வந்திருக்கு, நீங்களும் மாத்திருங்க. மாத்துத வரைக்கும் வேலை முடிஞ்சதும் சைட்டை விட்டு வெளிய வந்திருங்க. உள்ளயே இருந்துக்கிட்டு வேற லிங்க் எதையும் தொடாதீங்க."

"அது என்னம்மா ஓட்டை?"ன்னேன்.

"நீங்க உள்ள இருக்க நேரத்துல எவனாவது அனுப்புன லிங்க்கைத் தொட்டீங்கன்னா, அது உங்க பேர்ல உங்க சைட்டுக்கே ஒரு உத்தரவு போடும். நம்பரை மாத்து, பேரை மாத்துன்னு. சைட்டு என்ன நினைக்கும்? அண்ணாச்சிதான உள்ள இருக்காரு, அவருதான் சொல்லுதாருன்னு நினைச்சுச் செஞ்சிரும். நெசமாவே நீங்கதான் சொன்னீங்களான்னு ஒரு கேள்வி கேக்கணும். அந்தப் பிளகின்ல அந்தக் கேள்வி விட்டுப்போச்சு."

"என் சைட்டு என் பேச்சைக் கேக்கும்மா. அதுல என்ன தப்பு?"

"உங்க பேச்சைக் கேட்டாப் பரவாயில்ல அண்ணாச்சி. உங்க பேர்ல அடுத்தவன் பேசினாலும் கேக்குது."

எப்படிப் பேசுதா பாத்தீங்களா? நான் தலையை ஆட்டி, டீ குடிச்சிட்டுப் போம்மான்னு அனுப்பி வச்சேன். அவ போனதும் யோசிச்சேன். இவளுக்கு என் சைட்டு மேல ஏன் இம்புட்டு அக்கறை? ஆகஸ்ட் பதினஞ்சுக்கு விருது அறிவிப்பு. இன்னும் கொஞ்ச நாள்தான். இந்த நேரத்துல நான் சைட்டைப் பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்தா யாருக்கு லாபம்? சொல்லுங்க, யாருக்கு லாபம்? செல்லத்தாய்கிட்டச் சொன்னேன். "நல்லதுக்குத்தான சொல்லுது அந்தப் புள்ள"ன்னா. சொந்த வீட்டுலயே அவளுக்கு ஆள் சேர்ந்துட்டு.

நான் ஒண்ணையும் மாத்தல. மருமகனுக்குப் போன் போட்டுச் சொல்லவும் இல்ல.

அடுத்த வாரம் என் சைட்டுல கருத்துப் போடுத இடத்துல ஒரு செய்தி வந்துது. நான் உள்ளதான் இருந்தேன், புதுசா ரெண்டு பேரைச் சேத்துக்கிட்டிருந்தேன். என்ன போட்டிருந்துதுன்னா, 'சிறந்த இரத்ததானச் சேவை, இந்த ஆண்டு விருதுப் பட்டியல், பெயர்களைப் பார்க்க இங்கே தொடவும்'.

தொட்டேன்.

என் பேரு இருக்கான்னு பாக்க இல்ல தம்பி. எனக்கு எதுக்கு விருது? அவ பேரு இருக்கான்னு பாக்கத்தான்.

ஒண்ணும் வரல. வெறும் வெள்ளைப் பக்கம். நெட்டு சரியில்ல போலன்னு திரும்பத் தொட்டேன். திரும்பவும் வெள்ளை. இன்னொரு மட்டம் தொட்டேன். சவத்தை விடுன்னு மூடிட்டு ஒரு காதுகுத்து போர்டு அடிக்கப் போயிட்டேன்.

அதோட என் போனு நின்னு போச்சு. நின்னு போச்சுன்னா கெட்டுப்போகல. ரத்தம் கேட்டு ஒருத்தரும் கூப்பிடல. தினமும் ரெண்டு அழைப்பாவது வரும். ஒரு வாரம் ஆச்சு, பத்து நாள் ஆச்சு, ஒண்ணும் இல்ல. நான் என்ன நினைச்சேன்? அவதான் ஊர்ல உள்ளவங்களைப் பூரா அந்தப் பக்கம் இழுத்துட்டான்னு நினைச்சேன். எதுத்தாப்ல ஆஸ்பத்திரி, ஆளுக ஓடுதாங்க, சீட்டை வச்சுக்கிட்டு நிக்காங்க, போன்ல பேசுதாங்க. என்கிட்ட ஒருத்தரும் வரல. கடையில உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன். அவ ஸ்கூட்டி அந்தப் பக்கம் போகும். சோறு இறங்கல தம்பி. நெசமாச் சொல்லுதேன், சோறு இறங்கல.

அப்புறம் ஒரு நாள் கடையநல்லூர்ல இருந்து ஒரு பெரியவரு வந்தாரு. வந்ததும் வராததுமா, "நீருதான் சண்முகையாவா? வண்டிச் செலவுக்குப் போட்டுவிடும், ஆளை அனுப்புதேன்னீரே, ஆளு எங்கவேய்?"ன்னு கத்துதாரு. நான் எந்தக் காசைக் கேட்டேன்? அவரு போனை நீட்டுதாரு. என் சைட்டு. என் போட்டோ. என் பேரு. கீழ நம்பர் மட்டும் என் நம்பர் இல்ல.

எவனோ ஒருத்தன் இத்தனை நாளா என் பேர்ல பேசியிருக்கான். ஆஸ்பத்திரில ஆளைப் போட்டுட்டு அழுதவங்ககிட்ட, சண்முகையா பேசுதேன், வண்டிச் செலவுக்கு அனுப்புங்கன்னு வாங்கியிருக்கான். அனுப்பினதும் போனை அமத்திருவான்.

மருமகனைக் கூப்பிட்டேன். சைட்டையே கொஞ்ச நேரம் நிறுத்தணும் மாமான்னான். நிறுத்தினான். ஆனா கூகுள்ல அந்தத் திருட்டு நம்பர் இன்னும் காட்டுது, எடுக்க ரெண்டு நாள் ஆகும்னான். அது கிடக்கட்டும். என் மண்டைக்குள்ள ஒண்ணே ஒண்ணுதான் ஓடுச்சு. ஓட்டை இருக்குன்னு ஊர்ல யாருக்குத் தெரியும்? அவ ஒருத்திக்குத்தான். எங்க ஓட்டைன்னு தெரிஞ்சவதான உள்ள வர முடியும்? நீங்களே சொல்லுங்க, எவனுக்கும் அப்படித்தான தோணும்?

நேரா ஸ்டேஷனுக்குப் போயி எழுதிக் குடுத்துட்டேன். உலகேஸ்வரி, கம்ப்யூட்டர் சென்டர், இன்ன தெருன்னு.

மறுநாள் மத்தியானம் ரெண்டு பேரையும் வரச் சொன்னாங்க. ஒரு பொம்பள எஸ்.ஐ. நல்லவிதமாத்தான் பேசினாங்க. ஒரே பெஞ்சு. இந்த ஓரத்துல நான், அந்த ஓரத்துல அவ. அவங்க அப்பா வாசல்ல நிக்காரு, செருப்பைக் கூட மாத்திப் போட்டுக்கிட்டு வந்திருக்காரு மனுஷன், ஒரு கால்ல ஒண்ணு, இன்னொரு கால்ல வேற ஒண்ணு. நான் அந்தப் பக்கம் பாக்கல.

அவ அழுவான்னு நினைச்சேன். அழல. போனை எடுத்து மேஜையில வச்சா. "எல்லாத்தையும் பாத்துக்கிடுங்க மேடம். என்ன வேணும்னாலும் பாருங்க"ன்னா. எஸ்.ஐ. அதைச் சத்தம் வராம ஆக்கிக் கவுத்தி வச்சாங்க. அப்புறம் இவ விளக்குதா. எனக்குச் சொன்ன மாதிரியே. "யாரும் உள்ள புகுந்து மாத்தல மேடம். அண்ணாச்சியோட கையே மாத்தியிருக்கும். அவருக்கே தெரியாம. அவரு கேட்டதாவே சைட்டு நினைச்சுக்கிடும்."

சொல்லிட்டு என் பக்கம் திரும்பினா. "அண்ணாச்சி, ஏதாவது லிங்க் வந்து தொட்டீங்களா?"

"இல்ல"ன்னேன்.

பின்ன? அவ முன்னாடி வச்சு எந்தப் பட்டியலைப் பாக்கப் போனேன்னு சொல்லணுமா?

"யோசிச்சுச் சொல்லுங்க அண்ணாச்சி. சும்மா ஒரு கமெண்ட்ல வந்திருக்கலாம்."

"அதான் இல்லங்கேன்லம்மா."

எஸ்.ஐ. ஒரு நிமிஷம் என் மூஞ்சியவே பாத்தாங்க. அந்த நேரம் பாத்து மேஜையில போனு அதிருது. கவுத்தி வச்ச போனு மேஜை மேல வண்டு மாதிரி நகருது. நின்னுச்சு. திரும்ப அதிருது. திரும்பவும். எஸ்.ஐ. பொறுமை கெட்டு, "யாரும்மா இது, விடாம அடிக்குது? எடு"ன்னாங்க.

அவ எடுத்தா. தம்பி, அவ முகம் மாறின மாதிரி நான் யாரு முகமும் மாறிப் பாத்ததில்ல. "எந்த வார்டு அண்ணே? எத்தனை வேணும்னாங்க? நான் வாரேன், போனை வைக்காதீங்க"ங்கா. அப்புறம் அப்படியே பெஞ்சுல என் பக்கமா நகந்து வந்து,

"அண்ணாச்சி, நீங்க கடைசியாக் குடுத்து எத்தனை மாசம் ஆச்சு?"

"நாலு"ன்னேன். வாய் தானாச் சொல்லுது.

"பிரசவம் அண்ணாச்சி. ஓ நெகட்டிவ். ரத்தப்போக்கு நிக்கலையாம். பேங்க்ல இருந்த ஒரு பையையும் ஏத்திட்டாங்களாம். என் லிஸ்ட்ல இருக்க ரெண்டு பேரும் ஊர்ல இல்ல. வாரீங்களா?"

யாரு மேல புகார் குடுத்தேனோ அவ கேக்கா. அந்தப் புகாரு அங்கன மேஜை மேலேயே கெடக்கு. எஸ்.ஐ. எந்திரிச்சிட்டாங்க. "முதல்ல போங்க ரெண்டு பேரும். இதை அப்புறம் பேசலாம்."

என் வண்டி கடையில. அவ ஸ்கூட்டிலதான் போகணும். ஏறினேன். ஊரே பாக்குது. பின்னால கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, கால ஒடுக்கிக்கிட்டு, அந்தக் குச்சிப் புள்ள முதுகுக்குப் பின்னால நான். தெற்கு மாசி வீதில ஒருத்தன், "அண்ணாச்சி, ஸ்டேஷன்ல இருந்தா வாரிய?"ன்னு கேக்கான். ஒரு சாரல் வேற. அவ ஓட்டிக்கிட்டே போன்ல பேசுதா, "வந்துட்டோம் அண்ணே, வந்துட்டோம்"னு.

ஆஸ்பத்திரி படிக்கட்டுல அந்த ஆளு நிக்கான். சுடலைமணின்னு பேரு. சுரண்டைப் பக்கம் லோடு ஆட்டோ ஓட்டுத பையன். சட்டையெல்லாம் மாத்திக்கூடப் போடல, சிமென்ட்டோட இருக்கான். என்னைப் பாத்தான். அவன் போன்ல என் போட்டோவைப் பாத்திருக்கான்ல. பாஞ்சு வந்து சட்டையைப் பிடிச்சுட்டான்.

"நீதானல? நீதானல காசை வாங்கிட்டுப் போனை அமத்துன? என் பொண்டாட்டி செத்துக்கிட்டிருக்கால!"

அவ நடுவுல வந்தா. அவன் கை அவ தோள்ல பட்டுது, அசையல. "இவரு இல்ல அண்ணே. இவரு பேர்ல வேற எவனோ பேசியிருக்கான். இவருதான் இப்ப ரத்தம் குடுக்க வந்திருக்காரு. கையை எடுங்க. நேரம் போகுது."

இவரு இல்லன்னா. முந்தின நாள் நான் அவளைச் சொன்னேன், இவதான்னு. மறுநாள் அவ என்னைச் சொல்லுதா, இவரு இல்லன்னு. அவ மட்டும் அப்ப வாயை மூடிக்கிட்டு நின்னிருந்தா அவன் என்னைக் கொன்னிருப்பான். ஒரு நல்ல பேரு வாங்க எங்க வாய்ப்புக் கிடைச்சாலும் விடமாட்டா அந்தப் புள்ள.

சரி, நான் குடுத்தேன். டெஸ்ட் எல்லாம் பண்ணி, கொண்டு போயி ஏத்தினாங்க. அதுக்குள்ள எங்கெங்கயோ கேட்டு, செங்கோட்டைல இருந்து இன்னொரு ஓ நெகட்டிவ் ஆளை வரவச்சா அவ. சாயங்காலம் டாக்டரம்மா வெளிய வந்து, ரத்தப்போக்கு நின்னுட்டு, இனி பயமில்லைன்னாங்க. சுடலைமணி அப்படியே தரையில உக்காந்துட்டான். புள்ளை முன்னாடியே பிறந்துட்டு, பொம்பளப் புள்ள. துணில சுத்திக் கொண்டாந்து காமிச்சாங்க. நல்ல சிவப்பு. எனக்குத் தலை கொஞ்சம் சுத்திக்கிட்டு இருந்துது, ஆனாலும் பாத்தேன்.

அந்தப் பையன் என் காலைத் தொட வந்தான். வேண்டாம்யா, எந்திரின்னேன். நெஞ்சு நிறைஞ்சு போச்சு தம்பி. இம்புட்டு வருஷம் குடுத்திருக்கேன், ரத்தம் யாருக்குப் போகுதுன்னு கூட எனக்குத் தெரியாது. முத மட்டம் ஆளைப் பாக்கேன்.

அப்புறம் அவன் கேக்கான், "அக்கா பேரு என்னக்கா?"ன்னு. யாருகிட்ட? அவகிட்ட. "உலகேஸ்வரி"ங்கா. "அந்தப் பேரையே என் புள்ளைக்கு வைக்கேன்க்கா"ங்கான்.

ரத்தம் யாருது? கையில பஞ்சை வச்சு அமுத்திக்கிட்டு அவன் முன்னாலயே நிக்கேன். ரத்தம் என்னது. பேரு அவளுது! வச்சுட்டான் தம்பி. சர்டிபிகேட்லயே அதுதான் பேரு. உங்க பேரு ஆம்பளைப் பேரு, அதை எப்படிங்க பொம்பளப் புள்ளைக்கு வைக்கிறதுன்னு செல்லத்தாய் கேக்கா. ஏன், சண்முகப்பிரியா இல்லையா? சண்முகவடிவு இல்லையா? யோசிச்சா எத்தனையோ இருக்கு.

புகாரை அன்னைக்கே மாத்தி எழுதிக் குடுத்தேன். ஆள் தெரியாத நபர்னு. அந்த நம்பர்க்காரன் இன்னும் ஆம்புடல. எங்கயோ வெளி மாநிலத்துச் சிம்மாம். மருமகன் எல்லாத்தையும் நோண்டிப் பாத்துட்டு, "மாமா, ஒரே லிங்க்கை மூணு தடவை தொட்டிருக்கீங்க. அப்படி என்னதான் இருந்துது அதுல?"ன்னான். "ஏதோ கை பட்டிருக்கும்"னேன். "மூணு தடவையுமா?"ன்னான். சின்னப் பயலுக்கு அம்புட்டும் தெரியணும்.

சைட்டை யாரு சரி பண்ணினதுங்கிறீங்க? அவதான். மருமகனுக்கு லீவு கிடைக்கல, அவகிட்டயே கேட்டுட்டான். புதுப் பிளகின் மாட்டி, இன்னொண்ணும் செஞ்சு வச்சிருக்கா. இப்ப நான் ஒரு எழுத்தை மாத்தினாலும், 'நிஜமாகவே நீங்கள்தான் கேட்கிறீர்களா?'ன்னு ஒண்ணு வந்து நிக்கும். ஆமான்னு அமுத்தணும். ஒவ்வொரு மட்டமும் அமுத்தும்போது அவளே எதுர்ல நின்னு கேக்குத மாதிரி இருக்கு பாத்துக்கிடுங்க.

அவகிட்ட வருத்தம் சொன்னீங்களான்னா கேக்கீங்க? என்னத்தைச் சொல்ல? அந்த இடத்துல எவனா இருந்தாலும் சந்தேகப்படத்தான் செய்வான். அவங்க அப்பா கடைக்கு வந்தாரு ஒரு நாள், விசிட்டிங் கார்டு அடிக்க. எனக்கு என்னவோ போல ஆயிட்டு. வேலையை முடிச்சுக் குடுத்துட்டு காசு ஒண்ணும் வேண்டாம்னுட்டேன். அதுல முகம் மங்குத பிரச்சினை எல்லாம் இல்ல, வெறும் எழுத்துதான்.

அந்த வருஷ விருதும் அவளுக்குத்தான். மேடையில ஏறி, 'எங்க சண்முகையா அண்ணாச்சி'ன்னு என் பேரைச் சொன்னாளாம். போனவங்க வந்து சொன்னாங்க. நான் போகல. போயிருந்தாலும் கைதட்டு அவளுக்குத்தான விழுந்திருக்கும்.

இப்ப எங்க போறேன்னு கேக்கலியே. திருச்செந்தூருக்கு. அந்தச் சுடலைமணி மகளுக்கு நாளைக்குக் காலையில கோயில்ல வச்சு மொட்டை போட்டுக் காது குத்துதாங்க. செல்லத்தாய் நேத்தே அவங்க கூட வேன்ல போயிட்டா. எனக்கு ஒரு அவசர போர்டு, அதை முடிச்சிட்டு இப்பத்தான் கிளம்பினேன். போன வாரம் புருஷனும் பொண்டாட்டியும் வீட்டுக்கே வந்துட்டாங்க. தாம்பாளத்துல பழம், வெத்தலை, எனக்கு வேட்டி சட்டை. சுடலைமணி பொண்டாட்டி முப்பிடாதிக்குக் கூடப் பிறந்தது பூராவும் அக்கா தங்கச்சி. ஒரு அண்ணன் தம்பி கிடையாது. காது குத்தணும்னா தாய்மாமன் மடியில உக்கார வைக்கணும்ல. "உங்க ரத்தம்தான எனக்குள்ள ஓடுது, நீங்கதான் எனக்கு அண்ணன், உங்க மடியிலதான் புள்ளை உக்காரணும்"னு அழுதுட்டா.

செல்லத்தாய் உள்ள போயி முகத்தைத் துடைச்சிட்டு வாரா. எனக்கும் ஒரு மாதிரி ஆயிட்டு. எங்களுக்குப் புள்ள குட்டி கிடையாது தம்பி. அடுத்தவன் வீட்டுக் காதுகுத்துக்கு ஆயிரம் போர்டு அடிச்சிருக்கேன். ஒரு புள்ளையை மடியில வச்சதில்ல.

இந்தா பாருங்க, இந்தச் சின்ன டப்பாவைத் திறங்க. தங்கம்தான். தாய்மாமன்தான் தோடு போடணும். பூ டிசைன் வேண்டாம், குத்தும்னு கடைக்காரரு சொன்னாரு. ரெண்டு நாளா இதை வச்சுக்கிட்டுத் தூங்கல. அழும்ல புள்ள? அழுதா எப்படிப் பிடிக்கணும், தலையை நெஞ்சோட சாச்சுக்கிடணுமா? உங்களுக்குப் புள்ளை இருக்கா? இருந்தாச் சொல்லுங்க.

ஒண்ணு மட்டும் நிச்சயம். பேரை அவ வாங்கிக்கிட்டா, வாங்கிட்டுப் போகட்டும். சால்வையையும் வாங்கட்டும். தாய்மாமனா அவளால உக்கார முடியுமா? பொம்பளப் புள்ளையால முடியுமா? அந்த மடி என் மடிதான். அதுல அவ போட்டிக்கு வரவே முடியாது.

ஆனா பாருங்க, அன்னைக்கு எங்க வீட்டுல இருந்து கிளம்பும்போது அந்த முப்பிடாதி வாசல்ல நின்னு வெள்ளந்தியா ஒண்ணு சொல்லிட்டுப் போயிட்டா. "எங்களுக்குத் தோணவே இல்ல அண்ணே. யாரு மடியில வைக்கதுன்னு முழிச்சிக்கிட்டு இருந்தோம். உலகேஸ்வரி அக்காதான், சண்முகையா அண்ணாச்சியக் கேளுங்கன்னு சொன்னாங்க"ன்னு.

இப்ப சொல்லுங்க தம்பி. ஒரு மனுஷனுக்கு வயிறு எரியுமா, எரியாதா?